குரல் முத்திரை

கண்டி மோகனராஜுக்கு ஒரு வியாதி உண்டு. தன் கை பட்ட எதன் மேலும் தன் பெயரை ஒட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கட்டுகஸ்தோட்டை வீதியில் அவருக்கு ஒரு படச்சட்டக் கடை இருந்தது. பிள்ளையாருக்குக் கண்ணாடி போட்டாலும் சரி, கலியாண ஜோடிக்குச் சட்டம் போட்டாலும் சரி, வலது மூலையில் ‘மோகன் பிரேம் ஹவுஸ்’ என்று ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவார். மற்றக் கடைக்காரர்கள் பின்பக்கத்தில் ஒட்டுவார்கள். இவர் முன்பக்கக் கண்ணாடியிலேயே ஒட்டுவார். “பின்னால ஒட்டினா சுவருதான் வாசிக்கும்” என்பது அவர் வாதம். வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அதைச் சுரண்டி எடுப்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒட்டினார்.

கடையை உண்மையில் நடத்தியவர் அவர் மனைவி ஜெயராணி. அளவெடுப்பது, விலை சொல்வது, கோபத்தோடு வரும் வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்புவது எல்லாம் அவர்தான். மோகனராஜ் பின்னறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பழைய வானொலி நிகழ்ச்சிகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். இளவட்டமாக இருந்தபோது ரேடியோவுக்கு முன்னால் கெசட் ரெக்கோடரை வைத்துப் பிடித்த நாடகங்கள், பொங்கல் கவியரங்குகள், பேட்டிகள். அவற்றைக் கெசட்டிலிருந்து கணினிக்கு மாற்றி, ‘கண்டி மோகனராஜ் ஒலிக்களஞ்சியம்’ என்ற பெயரில் யூடியூபில் ஏற்றுவார். சந்தாதாரர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் வெளிநாட்டில் தூக்கம் வராமல் கிடப்பவர்கள்.

வியாதி இங்கும் வந்தது. நாடகத்தில் கதாநாயகி அழத் தொடங்கும் இடத்தில், கவியரங்கில் கைதட்டல் விழப்போகும் இடத்தில், திடீரென்று ஒரு கனத்த குரல் குறுக்கே வரும்: “கண்டி மோகனராஜ் ஒலிக்களஞ்சியம்!” திருடர்கள் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிடாமல் இருக்க இந்தக் குரல் முத்திரை. அதைக்கூட அவர் பிறகு சேர்ப்பதில்லை. கெசட் ஓடும்போதே மைக்கைப் பிடித்துப் பேசிக் கலந்துவிடுவார். முத்திரை இல்லாத பிரதி தன் கணினியிலேயே இருக்கக் கூடாதாம், பழுதுபார்க்கக் கொடுத்தால் எவனாவது சுட்டுவிடுவானாம். மாற்றி முடிந்த கெசட்டுகள் கண்டியின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததால் ஒரு தைப்பொங்கலுக்கு முன் அத்தனையையும் குப்பை லொறியில் ஏற்றி அனுப்பினார். இப்படித் தன் செல்வத்தைத் திருடர்களிடமிருந்து முழுமையாகக் காப்பாற்றினார், தன்னிடமிருந்து மட்டும் காப்பாற்றவில்லை.

திருடர் பயம் என்பதும் முழு உண்மை அல்ல. இருபத்தொரு வயதில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு கொடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். தேர்வு வைத்தவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, “குரல் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, பக்கத்தில இருக்கிறவரைப் பேச விடமாட்டீர் போல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மூடப்பட்ட கதவின் சாவித்துவாரம் வழியாகத்தான் இத்தனை வருடமாக மோகனராஜ் கத்திக்கொண்டிருந்தார். இது அவருக்கே தெரியும். சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிகிற ஆளிடம் சில நாள் ஒப்புக்கொள்வார், முகத்தைக் கழுவியதும் மறந்துவிடுவார்.

களஞ்சியத்தில் ஒரு பதிவுக்குத் தனி மரியாதை. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று வந்த ஒரு நிகழ்ச்சி. அதில் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுடைய வாத்தியார் எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடினாள். ‘மேகம் எறங்கி வருது, மலையே கொஞ்சம் நில்லு’ என்று தொடங்கும். பல வருடம் கழித்து ஹந்தானைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், “எங்க புள்ள சின்னதுல ரேடியோவுல பாடியிருக்கு” என்று பெண்ணின் தாய் மூக்காயி பலகாரத்தட்டோடு சேர்த்து அந்தப் பெருமையையும் நீட்டினார். மோகனராஜ் பலகாரத்தைக்கூட முடிக்காமல் வீட்டுக்கு ஓடிவந்து கெசட்டைத் தேடிப் போட்டார். அதே பாட்டு, அதே பெண். “சாதகம் பாக்குறதுக்கு முந்தியே நான் இவளப் புடிச்சு வச்சிட்டேன்” என்று அன்று தொடங்கியவர், வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வசனத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. ஜெயராணி அந்த இடத்தில் எழுந்து தேநீர் போடப் போவார்.

அந்தப் பதிவையும் அவர் விட்டுவைக்கவில்லை. தனி மரியாதை என்பதால் தொடக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு அடி முடிவிலும் ஒன்று என்று முத்திரையைத் தாராளமாகவே குத்தியிருந்தார்.

சனியன் பாடசாலை வழியாக வந்தது. ஹந்தானைப் பாடசாலையில் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவில், அங்கிருந்து முதன்முதலாக வானொலிக்குப் போன மாணவியைக் கௌரவிப்பது, அவர் பாடிய பாட்டையே இன்றைய பிள்ளைகள் பாடுவது என்று பாடசாலை அதிபர் அஜந்தன் ஏற்பாடு செய்திருந்தார். ஒத்திகை பார்க்க வரும்படி இருவரையும் அழைத்தார். திரீவீல் இருமிக்கொண்டு மேலே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

முதல் அடியைப் பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அடி முடிந்ததும் மொத்த வரிசையும் நாடியை நெஞ்சில் இறக்கி, குரலைக் கனக்கவைத்து, ஒரே மூச்சில் சொன்னது:

“கண்டி மோகனராஜ் ஒலிக்களஞ்சியம்!”

பிறகு எதுவுமே நடக்காதது போல இரண்டாம் அடிக்குப் போனார்கள்.

அதிபரின் முகத்தில் ஈயாடவில்லை. “யூடியூபுல கேட்டுத்தான் சேர் பழகினாங்க. அந்த எடத்த விடச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லிட்டேன். விட்டா தாளம் பிசகுதாம்” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மோகனராஜுக்கு முதலில் வந்தது வெட்கம் என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது பெருமை. முப்பது பிள்ளைகள் தன் பெயரை ராகத்தோடு சொல்கிறார்கள், எந்த அறிவிப்பாளனுக்குக் கிடைக்கும்? அந்தப் பெருமையோடு பக்கத்தில் திரும்பியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஜெயராணி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பஸ்ஸில் தன் இருக்கையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பேசாமல் நிற்பவரைப் போல நின்றார்.

“விழாவுல மொதல்ல ஒங்க பழைய ரெக்கோடிங்கப் போட்டுட்டு, அப்பறம் புள்ளைங்களப் பாடவைக்கலாம்னு இருக்கோம் சேர்,” என்றார் அதிபர். “முத்திரை இல்லாத பிரதி ஒங்ககிட்ட இருக்குந்தானே?”

“இல்லாமலா?” என்றார் மோகனராஜ். வாய் அவருக்கு எப்போதும் மூளையைவிடக் கொஞ்சம் முன்னால்தான் போகும்.

இறங்கி வரும்போது ஜெயராணி வெளியே பார்த்தபடி சொன்னார்.

“எனக்குப் பாட்டுகூட அவ்வளவா வேணாங்க. அதுக்கு முந்தி அந்த அறிவிப்பாளர் ஒண்ணு சொல்லுவாருல்ல, அத ஒரு தடவ நல்லாக் கேக்கணும்.”

“என்ன சொல்லுவாரு?”

“நீங்கதானே வருஷக்கணக்கா வச்சிருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?” ஜெயராணி திரும்பிப் பார்த்தார். “‘செல்வி ஜெயராணி இராமையா’ன்னு சொல்லுவாரு. அன்னிக்கி எங்க லயத்துல, அந்த வரிச வீட்டுக்கெல்லாம் இருந்த ஒரே ரேடியோவச் சுத்தி அத்தன பேரும் நின்னோம். எங்கள அதுக்கு முந்தி யாரும் செல்வின்னு சொன்னதில்ல. ‘ஏ புள்ள’ம்பாங்க, ‘இந்தாடி’ம்பாங்க. எங்கப்பா பேரு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல கங்காணி கூப்பிடறப்பத்தான் சத்தமாக் கேக்கும். அன்னிக்கி ரேடியோவுல கேட்டுச்சு. அப்பா அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு. எழுப்பவே முடியல.”

அந்தப் பதிவின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஏதோ சொல்வது மோகனராஜுக்கு ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில்தான் அவர் தன் முதல் முத்திரையைக் குத்தியிருந்தார். ‘ஹந்தானைத் தோட்டப் பாடசாலை மாணவி’ என்பது வரைக்கும் கேட்கும். அதற்கு மேல் மோகனராஜின் குரல்தான் கேட்கும்.

வீட்டுக்கு வந்து கணினியைக் குடைந்தார். பழைய வட்டுகள், கைத்தொலைபேசிகள், மகள் நிரோஷா டுபாயிலிருந்து அனுப்பிய பென்டிரைவ் எல்லாவற்றையும் துழாவினார். எங்கு போனாலும் அவரே அவரை வரவேற்றார்.

இனி உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் அது இருக்க முடியும்: அலவத்துகொட மக்கீனிடம். ஏலக்காய், கராம்பு வியாபாரி, இவரைப் போலவே ஒலிப்பதிவுப் பைத்தியம். ஒருகாலத்தில் இருவரும் நகமும் சதையும். “கேட்டுட்டுத் தாறன்” என்று மோகனராஜின் கெசட்டுகளை வாங்கிக்கொண்டு போனவர், ஒன்று விடாமல் நகலெடுத்துக்கொண்டார். வருடங்கள் கழித்து அவை மக்கீனின் பெயரில் யூடியூபில் வந்தபோது, பழைய வானொலி நேயர்களின் வட்ஸ்அப் குழுவில் மோகனராஜ் ஒரு நீண்ட குரல் பதிவு போட்டார். அதில் ‘திருடன்’ என்ற சொல் மிகத் தெளிவான உச்சரிப்போடு பலமுறை வந்தது. மூத்தவரை ‘நாநா’ என்று கூப்பிடுவதை அன்றோடு நிறுத்தினார்.

மறுநாள் அலவத்துகொட வழியாகப் போகும் மாத்தளை பஸ்ஸில் ஏறினார். மக்கீனின் முற்றத்தில் கராம்பு காயப்போட்டிருந்தது. தொப்பியும் சாரமுமாக வெளியே வந்த மக்கீன் அப்படியே நின்றார்.

“அல்லாவே! களஞ்சியம் நடந்தே வந்தீக்கி.”

“நாநா, சுகமா?”

“நாநாவா? என்னைய குரூப்புல கள்ளன்டு சொன்னதா ஞாபகம் ஈக்கி.”

“சொன்னேன் நாநா. இப்ப கள்ளன்கிட்டதான் வந்திருக்கேன். நீங்க திருடினத எனக்குத் தாங்க.”

மக்கீன் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, கடைசியில் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். வட்டிலப்பமும் பிளேன்டீயும் வந்தன. விஷயத்தைக் கேட்டதும் மக்கீனின் சிரிப்பு நின்றது. “நம்மட ராணிட பாட்டா?” என்று கேட்டுவிட்டுக் கணினியைத் திறந்தார்.

பதிவு ஓடத் தொடங்கியது. ‘அடுத்து, ஹந்தானைத் தோட்டப் பாடசாலை மாணவி’ என்றார் அறிவிப்பாளர். மோகனராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்! இது அலவத்துகொட மக்கீன் ஹாஜியாரின் அரிய தொகுப்பு!” என்றது மக்கீனின் குரல். அத்தோடு விடாமல் தொலைபேசி இலக்கத்தையும் சொன்னது.

“திருடினதுக்கு மேலயும் முத்திரையா நாநா?”

“களவெடுத்தத இன்னொருத்தன் களவெடுக்காமப் பாத்துக்கோணுமே,” என்றார் மக்கீன். அவருடைய கெசட்டும் எப்போதோ பூஞ்சணத்துக்குப் போயிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வட்டிலப்பத்தைப் பார்த்தார்கள்.

பிறகு மோகனராஜின் மண்டையில் ஏதோ ஓடியது. முதல் முத்திரையைத் தவிர, மக்கீன் அடிகளின் நடுவில் பேசியிருந்தார். தான் பேசியது அடிகளின் முடிவில். மக்கீன் பேசும் இடத்தில் தன் பிரதி சுத்தம், தான் பேசும் இடத்தில் மக்கீனின் பிரதி சுத்தம். இரண்டு வாயாடிகள் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்த இடங்களும் இருந்தன என்பதே பெரிய அதிசயமாகப்பட்டது.

வெட்டி ஒட்டும் வேலை நினைத்த அளவுக்குச் சுலபமாக இருக்கவில்லை. மக்கீனின் பழைய கருவி கொஞ்சம் வேகமாக ஓடியிருந்ததால், அவர் பிரதியில் சிறுமி அவசரமாகப் பாடினாள். வேகத்தைக் குறைத்து, சுருதியைச் சேர்த்து, ஒரு சொல்லை இங்கிருந்தும் ஒரு மூச்சை அங்கிருந்தும் எடுத்து ஒட்டினார்கள். இடையில் மக்கீன் அஸர் தொழுதுவிட்டு வந்தார். வேலை முடிந்ததும் பாட்டை முழுதாகப் போட்டார்கள். மேகம் இறங்கியது, மலை நின்றது, குறுக்கே எவரும் வரவில்லை. அந்தப் பாட்டு எவ்வளவு நல்ல பாட்டு என்று மோகனராஜுக்கு அன்றுதான் தெரிந்தது.

பெயர் மட்டும் வரவில்லை. அறிவிப்பாளர் அதைச் சொல்லும் இடத்தில் இரண்டு பிரதியிலும் முத்திரை. கள்ளன் முதலில் கைவைப்பது தொடக்கத்தில்தான் என்று இருவரும் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

“ஒங்கட கொரல்லயே சொல்லிப் போட்டுடுங்களே,” என்றார் மக்கீன். “ஒங்களுக்குத்தான் அந்தக் காலத்து அறிவிப்பாளர் மாதிரிக் கொரல் ஈக்கே. ஆருக்குத் தெரியப்போகுது?”

இந்த இடத்தில் ஒரு மானமுள்ள மனிதன் மறுத்திருப்பான். மோகனராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். மக்கீனின் மைக்கைப் பிடித்து, வயிற்றிலிருந்து மூச்செடுத்து, ‘செல்வி ஜெயராணி இராமையா’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இரைச்சல் கொஞ்சம் சேர்த்ததும் அசல் பழைய வானொலி போலவே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். கொழும்பில் அவரைத் திருப்பி அனுப்பியவர் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கடையில் ஜெயராணியை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். பெயர் வந்ததும் ஜெயராணியின் கண் சுருங்கியது. பாட்டு முடியும்வரை கேட்டார். பாட்டில் ஓரிடத்தில் விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

“பாட்டு நல்லா வந்திருக்குங்க. மக்கீன் நாநாவுக்கும் சொல்லணும்.”

“பேரு?”

“அது நீங்க.”

“எப்படிக் கண்டுபுடிச்ச?”

“ஒங்கள எனக்குத் தெரியாதா?” ஜெயராணியின் குரல் உயரவில்லை, அதுதான் மோகனராஜுக்கு இன்னும் பயமாக இருந்தது. “அந்தப் பேர அன்னிக்கிச் சொன்னது நீங்க இல்லீங்க. யாருன்னே தெரியாத ஒரு மனுசன், எங்க அப்பா யாரு ஆத்தா யாருன்னு கேக்காம, மரியாதையாச் சொன்னாரு. அது போயிருச்சுன்னா போகட்டும். அதுக்குள்ள நீங்க நொழையாதீங்க. அந்த எடத்த வெறுமனே விட்டுருங்க.”

சொல்லிவிட்டு யாரோ கொண்டுவந்திருந்த கலியாணப் படத்துக்குக் கண்ணாடி அளக்கப் போய்விட்டார். மோகனராஜ் பின்னறைக்குப் போய்த் தன் குரலை வெட்டி எடுத்தார். வாழ்க்கையில் முதன்முதலாக எடுத்தார். எடுத்த இடத்தில் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. அந்த ஒரே இடத்தில் இருந்த ஒரே பெயரை, வேறு எவனும் அல்ல, தானே அழித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

திறப்பு விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. மோகனராஜ் மக்கீனையும் அழைத்துவந்து முன்வரிசைக் கதிரையில் உட்காரவைத்தார். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வீட்டுப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்தப் பிள்ளையாரின் கண்ணாடியிலும் ஸ்டிக்கர் இருந்தது.

அதிபர் பதிவைப் போடச் சொன்னார். ‘அடுத்து, ஹந்தானைத் தோட்டப் பாடசாலை மாணவி’ என்றது ஒலிபெருக்கி. பிறகு இரைச்சல். கருவி பழுதென்று நினைத்து அதிபர் ஓடப்போனார். அதற்குள் மேடையில் உட்கார்ந்திருந்த ஜெயராணி எழுந்து மைக்குக்குப் போனார். இப்படிச் செய்யப்போவதாக அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக நின்று, தெளிவாகச் சொன்னார்:

“செல்வி ஜெயராணி இராமையா.”

நரைத்த தலையோடு ‘செல்வி’ என்றதைக் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். லயங்களிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் சிரிக்கவில்லை. பாட்டு வந்தது. அதன் பின் பிள்ளைகள் பாடினார்கள், அடி முடிவில் ஒருவரையொருவர் பார்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் மோகனராஜ் ஆசையோடு தன் கைத்தொலைபேசியை எடுத்தார். “இத யாரும் அழிக்க முடியாது ராணி. ஓங் குரல்லயே இருக்கு” என்று அழுத்தினார். ஒலிபெருக்கியின் குரல், இரைச்சல், மைக்குக்கு ஜெயராணி நடந்துபோகும் செருப்புச் சத்தம். பிறகு மிகக் கிட்டத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு கனத்த குரல்:

“நாநா, பாருங்க நாநா! எம் பொண்டாட்டி! ஜெயராணி! ராமையா மாமாட மக! செல்வின்னு சொன்னாங்க நாநா இவள, ரேடியோவுல செல்வின்னு...”

“ஷ்ஷ்! பேசாம ஈங்க மோகன்!” என்றது மக்கீனின் குரல்.

இரண்டுக்கும் அடியில் எங்கோ ஜெயராணி சொன்னது தூரத்தில் முனகலாகக் கேட்டது. தான் பேசியது மோகனராஜுக்குச் சத்தியமாக ஞாபகமே இல்லை. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மறுபடியும் பாழாக்கிட்டேன். அழிச்சிரவா?”

ஜெயராணி கைத்தொலைபேசியை வாங்கி இன்னொரு முறை போட்டுக் கேட்டார். பிறகு, “அழிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க” என்றார்.

“இதையா? நாந்தானே இதுல கத்துறேன்.”

“கத்துறது நீங்கதான். ஆனா இதுல எம் பேரச் சொல்றீங்க.”

மோகனராஜ் பதிவை மனைவியின் தொலைபேசிக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன் பழக்கதோஷத்தில் விரல் முத்திரை சேர்க்கும் பொத்தானைத் தேடியது. சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு அதில் இடமும் இருக்கவில்லை.